எவன்ஸ் நோய்க்கூட்டும் கார்-டி செல் சிகிச்சையும்: ரிட்டுக்சிமேப் கைவிட்ட பிறகு என்ன வழி?

கீழவாசல்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு எவன்ஸ் நோய்க்கூட்டு இருப்பது தெரியவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய நோயெதிர்ப்பு மண்டலமே அவருடைய சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் அழித்துவருகிறது. ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டினால் ஹீமோகுளோபின் ஏறுகிறது. குறைக்கத் தொடங்கிய சில வாரங்களில் கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பி செல் என்னும் வெள்ளணுக்களை அழிக்கும் ரிட்டுக்சிமேப் ஊசியை முதல் முறை போட்டபோது ஓராண்டுக்கு மேல் ஸ்டீராய்டே இல்லாமல் இருந்தார். நோய் திரும்பியதும் அதே மருந்தை மறுபடி போட்டார்கள். இம்முறை பலன் ஏதுமில்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரையும் கைகொடுக்கவில்லை. இப்போது மண்ணீரலை அகற்றலாமா என்ற பேச்சு நடக்கிறது.

ஜெர்மனியில், நோயெதிர்ப்பு மண்டலம் உடலின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் நோயாளிகளுக்குக் கார்-டி செல் சிகிச்சை கொடுத்ததும் அவர்கள் எல்லா மருந்துகளையும் நிறுத்திவிட்டதாகப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சாக இருக்கிறது. புற்றுநோய்க்கு உருவாக்கிய சிகிச்சையை ஏன் இந்நோய்களுக்குக் கொடுக்கிறார்கள்? இரத்தத்தைத் தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்களில் அது உண்மையிலேயே வேலை செய்திருக்கிறதா? மண்ணீரல் அறுவைக்கு முன்பே அதை எண்ணிப்பார்க்கலாமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். ஆறுதலுக்காகக் கூட்டிச் சொல்ல வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

செங்குருதி

தம்பி, நான் குருதியியல் மருத்துவர். உங்கள் அக்காவை நேரில் பார்க்காமல் அவருக்கான முடிவை என்னால் சொல்ல இயலாது; ஆனால் நீங்கள் கேட்டவற்றின் பின்னணியைச் சொல்ல முடியும்.

கார்-டி செல்கள் என்பவை நோயாளியின் டி செல் என்னும் வெள்ளணுக்களையே எடுத்து மரபணு மாற்றி உருவாக்குபவை. இரத்தப் புற்றுநோயில் அவை தேடிப்போவது பி செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி19 என்னும் புரதத்தை. அந்த பி செல் புற்றாக மாறியதா, இயல்பானதா என்று அவை பார்ப்பதில்லை; சிடி19 இருந்தால் கொல்கின்றன. தன்னுடல் தாக்கு நோய்களிலும் உடலுக்கு எதிரான எதிர்ப்பொருள்களின் பிறப்பிடம் பி செல் வம்சமே என்பதால், அதே ஆயுதத்தை இங்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் கியோர்க் ஷெட், ஆண்ட்ரியாஸ் மக்கென்சன் ஆகியோரின் குழு 2021இல் 20 வயதுப் பெண் ஒருவரின் கடுமையான லூபஸுக்கு இதைக் கொடுத்தது. 2022இல் 5 பேரின் விவரம் வெளிவந்தது. 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 15 பேரின் விவரம் வந்தது: 8 பேருக்கு லூபஸ், 3 பேருக்குத் தசை அழற்சி, 4 பேருக்குத் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய். அந்தப் பதினைந்து பேருமே நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திவிட முடிந்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோயாளியின் இரத்தத்தை அஃபெரிசிஸ் இயந்திரத்தின் வழியே செலுத்தி வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பார்கள். அவற்றிலுள்ள டி செல்களுக்குள், வலுவிழக்கச் செய்த வைரஸ் ஒன்றின் உதவியால், சிடி19ஐ அடையாளம் காணும் ஏற்பியின் மரபணுவைச் செலுத்தி ஆய்வகத்தில் பெருக்குவார்கள். செல்கள் தயாரானதும் நோயாளிக்கு ஃப்ளூடராபின், சைக்ளோஃபாஸ்பமைடு ஆகிய இரண்டு வேதிமருந்துகளையும் சில நாள்கள் கொடுத்து உடலில் இடம் ஏற்படுத்தி, பிறகு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 இலட்சம் கார்-டி செல்கள் என்ற கணக்கில் (இது எர்லாங்கன் குழுவின் அளவு) சிரை வழியே ஏற்றுவார்கள். அவை உள்ளே பெருகி, சில நாள்களில் இரத்தத்திலிருந்து பி செல்களை அடியோடு நீக்கிவிடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதன் பின்னர் நடப்பதுதான். சராசரியாக 112 நாள்களில் பி செல்கள் திரும்பி வந்தன. ஆனால் வந்தவை பெரும்பாலும் எதையும் எதிர்கொண்டிராத புதிய பி செல்கள். பழைய தவறான நினைவைச் சுமந்த செல்கள் வரவில்லை, நோயும் வரவில்லை. ரிட்டுக்சிமேப் கொடுத்தபோதும் இரத்தத்தில் பி செல்கள் மறையத்தான் செய்தன. ஆனால் நிணநீர்க் கணுக்களின் உள்ளே அவை பதுங்கித் தப்பியிருந்தன. கார்-டி செல் உயிருள்ள செல் என்பதால் திசுக்களுக்குள் நுழைந்து தேடுகிறது. சிகிச்சைக்குப் பின் எடுத்த நிணநீர்க் கணுத் துண்டுகளில் பி செல்கள் காணப்படவில்லை என்பதை அதே எர்லாங்கன் குழு பின்னர் காட்டியது.

எதிர்ப்பொருள்

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர், மருத்துவர் அல்லன். கீழவாசல் கேட்ட கேள்விகளுக்கு முன்னே வேறொரு கேள்வி நிற்கிறது: உங்கள் அக்காவின் எதிர்ப்பொருள்கள் இன்று எந்தச் செல்லிலிருந்து வருகின்றன?

பி செல் முதிர்ந்து, எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாகும்போது மேற்பரப்பிலிருந்து சிடி20 என்னும் புரதத்தை இழக்கிறது. ரிட்டுக்சிமேப் தேடும் புரதம் அதுதான். பிளாஸ்மா செல்களில் இளையவற்றிடம் சிடி19 இன்னும் இருக்கும். எலும்பு மஜ்ஜையில் பல ஆண்டுகள் தங்கி எதிர்ப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கும் நெடுநாள் பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவற்றிடம் அதுவும் இராது. எர்லாங்கன் நோயாளிகளிடம் தட்டம்மை போன்றவற்றுக்கு எதிரான தடுப்பூசி எதிர்ப்பொருள்கள் பெருமளவு காப்பாற்றப்பட்டதற்கு இதுவே காரணம். லூபஸில் டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் குறுகிய ஆயுள் கொண்ட செல்களிலிருந்து வருவதால் சிடி19 கார்-டி அங்கே அவ்வளவு தெளிவாக வென்றது. தடுப்பூசியின் பயனைக் காப்பாற்றிய அதே இடுக்கில், சிவப்பணுவைத் தாக்கும் எதிர்ப்பொருளும் ஒளிந்துகொள்ள முடியும் என்பதுதான் இரத்த நோய்களில் எழும் கவலை.

இதற்குச் சான்று இருக்கிறது. தட்டணு குறைவு நோயில் ரிட்டுக்சிமேப் பலனளிக்காமல் மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் மண்ணீரலைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அங்கே பி செல்கள் தீர்ந்துபோயிருந்தன. ஆனால் தட்டணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சுரக்கும் நெடுநாள் பிளாஸ்மா செல்கள் குடியேறியிருந்தன. பி செல்கள் இல்லாமற்போனதால் மிஞ்சிய பாஃப் என்னும் வளர்ச்சிப் புரதமே அவை அங்கு நிலைகொள்ள உதவியிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. முதல் ரிட்டுக்சிமேப் ஓராண்டுக்கு மேல் வேலை செய்ததும், இரண்டாவது ஒன்றும் செய்யாததும் இந்தப் படத்தோடு பொருந்துகின்றன. பொருந்துகின்றன என்றுதான் சொல்கிறேன். வரலாற்றை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது.

சீனாவின் தியான்ஜினில் உள்ள குருதியியல் நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு அறிக்கைகளை நான் இங்கு அடுத்தடுத்து வைத்துப் படிக்கச் சொல்வேன். 2024இல், பிளாஸ்மா செல்களில் மிகுந்திருக்கும் சிடி38ஐக் குறிவைக்கும் சிஎம்313 என்ற மருந்தைப் பிற மருந்துகளுக்கு அடங்காத தட்டணு குறைவு நோயாளிகள் 22 பேருக்குக் கொடுத்தார்கள். 21 பேருக்குத் தட்டணு 50,000ஐத் தாண்டியது, 14 பேருக்கு அப்பலன் நீடித்தது. 2025இல், தன்னுடல் தாக்குச் சிவப்பணுச் சிதைவுக்குச் சிடி19 கார்-டி பெற்றும் நோய் மீண்டும் தலைதூக்கியவர்களுக்கு, பிளாஸ்மா செல்லின் பிசிஎம்ஏ புரதத்தை ஒரு கையாலும் டி செல்லை மறு கையாலும் பிடிக்கும் இருமுனை எதிர்ப்பொருளைக் கொடுத்து நோயை அடக்கினார்கள். சிடி19 கார்-டி இந்நோயில் வேலை செய்கிறது என்பதும், சிலரிடம் அது போதவில்லை என்பதும், போதாதபோது எஞ்சியிருந்தது பிளாஸ்மா செல்தான் என்பதும் அந்த ஒரே அறிக்கையில் தெரிகின்றன.

மறுபக்கம்

இழையில் எழுதியவர்கள் மீது மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் போகக் கூடாது. மேலே சொன்ன கார்-டி ஆய்வுகள் எவற்றிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை. எல்லா நோயாளிகளும் கார்-டி செல்லுக்கு முன் சைக்ளோஃபாஸ்பமைடு பெற்றிருக்கிறார்கள். இந்த மருந்து தனியாகவே தன்னுடல் தாக்கு நோய்களை அடக்கக்கூடியது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2002இல், எதற்கும் அடங்காத சிவப்பணுச் சிதைவு நோயாளிகள் 9 பேருக்கு இம்மருந்தை மிக உயர்ந்த அளவில் கொடுத்து, 6 பேரிடம் முழுப் பலனையும் 3 பேரிடம் ஓரளவு பலனையும் கண்டார்கள். அப்படியானால் பெருமை கார்-டி செல்லுக்கா, அதற்கு வழிவிட்ட மருந்துக்கா?

எதிர்ப்பொருள்

மிகவும் தேவையான கேள்வி. ஆனால் அளவைப் பாருங்கள். ஹாப்கின்ஸ் முறையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் 4 நாள்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 12 கிராம். எர்லாங்கன் முறையில் உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 மில்லிகிராம், ஒரே ஒரு நாள். அதே நோயாளிக்கு ஏறத்தாழ 1.6 கிராம். லூபஸ் சிறுநீரக நோய்க்கு மாதந்தோறும் கொடுக்கப்பட்டுவந்த பழைய அளவுகளை ஒத்தது அது. எர்லாங்கன் நோயாளிகளில் சிலர் முன்னரே சைக்ளோஃபாஸ்பமைடு பெற்றுப் பலனடையாதவர்கள். ஆகவே ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் பலனை அந்த ஒரு நாள் மருந்துக்குக் கொடுப்பது கடினம். இருந்தாலும் உங்கள் கேள்வி முழுமையாகத் தீர வேண்டுமானால், ஒப்பீட்டுக் குழுவோடு கூடிய ஆய்வு வந்தாக வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

மறுபக்கம்

ஏற்கிறேன். சிவப்பணுச் சிதைவுக்கும் தட்டணு குறைவுக்கும் வெளியாகியிருப்பவை சிறு தொகுப்புகளும் தனி நோயாளிகளின் விவரங்களுமே என்பதையும் கீழவாசல் மனத்தில் கொள்ள வேண்டும். வென்ற கதை அச்சேறும் வேகத்தில் தோற்ற கதை அச்சேறுவதில்லை.

குருதிச்சாலை

நான் இரத்த வங்கியில் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். இந்த நோய்களில் சிகிச்சை முடிவுகளைச் சூழ்ந்து நிற்கும் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்ல விரும்புகிறேன்.

சிவப்பணுச் சிதைவு கடுமையாகி இரத்தம் ஏற்ற வேண்டும் என்று மாதிரி வரும்போது, நாங்கள் எந்தப் பையோடு கிராஸ் மேட்ச் செய்து பொருத்தம் பார்த்தாலும் ஒட்டித் திரள்கிறது. நோயாளியின் எதிர்ப்பொருள் மனிதச் சிவப்பணுக்கள் எல்லாவற்றிலும் உள்ள பொதுப் புரதத்தைப் பிடிப்பதால் அவருக்குப் பொருந்தும் இரத்தம் என்று ஒன்று இருப்பதே இல்லை. அந்தத் திரளுக்கு அடியில், முன்பு ஏற்றிய இரத்தத்தால் உண்டான வேறு எதிர்ப்பொருள் மறைந்திருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதி நாள் போய்விடும். வெளியே நிற்கும் உறவினர்கள் ‘அதே குரூப்தானே, ஏன் தாமதம்?’ என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை, இதை யாரும் அவர்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள்.

கார்-டிக்காகப் போடும் வேதிமருந்து சிவப்பணு, தட்டணு இரண்டின் உற்பத்தியையும் தற்காலிகமாகக் குறைக்கும். புற்றுநோயாளிக்கு அந்த நாள்களில் இரத்தமும் தட்டணுவும் ஏற்றிச் சமாளிக்கலாம். எவன்ஸ் நோயாளிக்கு ஏற்றும் தட்டணு சில மணி நேரத்தில் அழிந்துவிடும். பொருத்தமான சிவப்பணு கிடைப்பதே அரிது. ஆகவே அக்காவின் இரத்தத்தை விரிவாக வகைப்படுத்தி, அந்த விவர அட்டையை வீட்டில் வைத்திருங்கள். அண்மையில் இரத்தம் ஏற்றாத காலத்தில் எடுத்த மாதிரியில்தான் அது நம்பகமாக வரும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அது எங்கள் வேலையைப் பல மணி நேரம் மிச்சப்படுத்தும்.

செங்குருதி

குருதிச்சாலை சொன்னது பொன்னான அறிவுரை. அதனுடன் தொடர்புடைய இன்னொரு சிக்கல்: டி செல்களைச் சேகரிக்கும் நேரத்தில் ஸ்டீராய்டு அதிகமாக ஓடிக்கொண்டிருந்தால் செல்களின் எண்ணிக்கையும் வீரியமும் குறையும்; ஸ்டீராய்டைக் குறைத்தாலோ ஹீமோகுளோபின் சரியும். லூபஸ் மூட்டுவலியைச் சில வாரம் பொறுத்துக்கொள்ளலாம். ஹீமோகுளோபின் 5க்கு வருவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. இரத்த நோய்களில் இந்தச் சிகிச்சை லூபஸைவிட மெதுவாக முன்னேறுவதற்கு இந்த நடைமுறைத் தடையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

செல்களை ஏற்றியதும் மறுவாரமே சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. இரத்தத்தில் சுற்றும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருளின் பாதி குறைவதற்கே ஏறத்தாழ 21 நாள்கள் ஆகும். எதிர்ப்பொருள் உற்பத்தி இன்றே நின்றாலும், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பது வற்றும்வரை சிதைவு தொடரும். அந்த இடைவெளியைக் கடத்தத் திட்டம் வேண்டும். சிவப்பணுவில் எதிர்ப்பொருள் ஒட்டியிருப்பதைக் காட்டும் கூம்ஸ் சோதனை எதிர்மறையாக மாறவில்லையே என்று பின்னர் கலங்கவும் வேண்டாம். ஹீமோகுளோபின், இளஞ்சிவப்பணு எண்ணிக்கை, சிதைவைக் காட்டும் எல்டிஹெச், பிலிருபின் அளவுகள் ஆகியவை சீராக இருந்தால் கூம்ஸ் நேர்மறையாகவே நீடித்தாலும் நோய் அடங்கியிருக்கலாம்.

நிலாமுற்றம்

என் மகனுக்குச் சிறு வயதிலேயே தட்டணு குறைவு நோய் வந்து, பின்னர் சிவப்பணுச் சிதைவும் சேர்ந்துகொண்டது. கழுத்தில் கட்டிகள் அடிக்கடி வரும், மண்ணீரலும் பெருத்திருந்தது. ஒரு மருத்துவமனையில் ஸ்டீராய்டை ஏற்றி இறக்கியே காலம் போக்கினார்கள். பின்னர் வேறொரு மருத்துவர் மரபணுச் சோதனைக்கு அனுப்பியபோதுதான் அடிப்படைக் காரணம் தெரிந்தது. இப்போது சிரோலிமஸ் மாத்திரையில் நன்றாக இருக்கிறான். இந்த இழையில் இதுவரை யாரும் இதைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கார்-டி போன்ற பெரிய சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்வார்களா, டாக்டர்?

செங்குருதி

அம்மா, நீங்கள் எழுதியது மிகவும் முக்கியமானது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பொருள் இது. எவன்ஸ் என்பது 1951இல் ராபர்ட் எவன்ஸ் விவரித்த ஒரு சேர்க்கையின் பெயர் மட்டுமே. அதற்குள் பல நோய்கள் இருக்கின்றன. நிணநீர்ச் செல்கள் உரிய காலத்தில் மடியாமல் பெருகும் மரபுக் கோளாறில் சிரோலிமஸ் அருமையாக வேலை செய்கிறது. சிடிஎல்ஏ4, எல்ஆர்பிஏ ஆகிய மரபணுக்களில் குறை இருந்தால் அபடாசெப்ட் என்ற மருந்து குறைபட்ட இடத்தையே நிரப்புகிறது. எதிர்ப்பொருள் உற்பத்தியே இயல்பாகக் குறைந்த நோய் பின்னணியில் இருந்தால், பி செல்களை இன்னும் அழிப்பது கிருமித்தொற்றுக்குக் கதவைத் திறப்பதாகும். லூபஸ், நிணநீர்ப் புற்று ஆகியவையும் எவன்ஸ் வடிவில் முகம் காட்டும்.

குழந்தைகளில் இந்தத் தேடலைக் கட்டாயம் என்பேன். இளம் வயதுப் பெரியவர்களிலும், பல மருந்துகளுக்கு அடங்காதபோது அவசியம். கீழவாசல், அக்காவுக்கு ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகள் பார்த்திருக்கிறார்களா?

கீழவாசல்

நீங்கள் கேட்ட பிறகுதான் கோப்பைப் புரட்டினேன், டாக்டர். ரிட்டுக்சிமேப்புக்கு முன் எடுத்த அளவு எதுவும் இல்லை. அண்மையில் எடுத்ததில் ஐஜிஜி குறைவாக இருக்கிறது. மரபணுச் சோதனை பற்றி யாரும் இதுவரை பேசவில்லை.

இன்னும் மூன்று கேள்விகள் உண்டு. இந்தியாவில் இது கிடைக்குமா? வேலூரில் கார்-டி தயாரிக்கிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அக்காவுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகளே ஆகின்றன. குழந்தை பெறும் வாய்ப்பு பாதிக்கப்படுமா? கார்-டியே புற்றுநோயை உண்டாக்கும் என்றும் படித்தேன், அது உண்மையா?

மறுபக்கம்

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கார்-டி பெற்றவர்களில் சிலருக்குப் பின்னர் டி செல் புற்று தோன்றியதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 நவம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் கொடுக்கப்பட்ட 27,000க்கும் மேற்பட்ட சிகிச்சைகளில் 2023 இறுதிவரை 22 பேருக்கு அது தெரியவந்திருந்தது. மருந்தின் விவரக்குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை சேர்க்கப்பட்டது; வாழ்நாள் முழுவதும் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நோயாளிகள் பலவகைக் கீமோதெரபிகளைக் கடந்து வந்தவர்கள் என்பதால், தன்னுடல் தாக்கு நோயாளிகளிடம் இந்த ஆபத்து குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் அது எதிர்பார்ப்பு மட்டுமே. உயிரைக் குடிக்கும் இரத்தப் புற்றுக்கு இந்த ஆபத்தை ஏற்பது எளிது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ரொமிப்ளோஸ்டிம் அல்லது எல்த்ரோம்போபாக் கொண்டு தட்டணுவைத் தாங்கிப் பிடித்தபடி பல ஆண்டுகள் வாழக்கூடிய ஒருவருக்கு அதே ஆபத்தின் எடை வேறு.

உடனடி ஆபத்துகளில் முதன்மையானது, டி செல்கள் பெருகும்போது சுரக்கும் சைட்டோகைன் என்னும் அழற்சிப் புரதங்களால் வரும் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும். அதை அடக்க டோசிலிசுமேப் என்ற மருந்து உண்டு. எர்லாங்கனின் 15 பேரில் 10 பேருக்கு அந்தப் பாதிப்பு முதல் நிலையோடு நின்றது, ஒருவருக்கு மட்டும் இரண்டாம் நிலைக்குப் போனது. ஒருவருக்கு நரம்பு மண்டலப் பாதிப்பு இலேசாக வந்தது. ஒருவர் நுரையீரல் அழற்சிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். புற்றுநோயாளிகளோடு ஒப்பிட்டால் இது மிதமானதே. நம் நாட்டில் நான் அதிகம் அஞ்சுவது மறைந்திருக்கும் காசநோயையும் ஹெபடைடிஸ் பி வைரஸையும்தான். பி செல்கள் ஒழிந்ததும் ஹெபடைடிஸ் பி மீண்டும் கிளம்பிக் கல்லீரலைச் சிதைக்கக்கூடும்.

செங்குருதி

இந்தியாவைப் பற்றி. ஐஐடி பம்பாயிலும் டாடா நினைவு மையத்திலும் உருவான நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. விலை 30 முதல் 40 இலட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2017இல் முதல் கார்-டி 4,75,000 டாலருக்கு வந்ததை நினைத்தால் இது பெரிய சாதனை. வேலூர் சிஎம்சி பற்றி உறவினர் சொன்னதும் உண்மைதான்: மருத்துவமனைக்குள்ளேயே மூடிய இயந்திரத்தில் ஏறத்தாழ 9 நாள்களில் செல்களைத் தயாரித்து, ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வின் முடிவுகளை 2025இல் வெளியிட்டார்கள். ஆனால் இவை எல்லாம் புற்றுநோய்க்கானவை. தன்னுடல் தாக்கு இரத்த நோய்க்குக் கார்-டி என்பது ஆய்வுத் திட்டத்துக்குள் மட்டுமே பெற வேண்டிய ஒன்று.

ஆகவே யாராவது ‘செல் தெரபி செய்து குணப்படுத்துகிறோம், இவ்வளவு கட்டுங்கள்’ என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் அந்த ஆய்வின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 முதல் பதிவு கட்டாயம். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வில் சேர்பவருக்கு ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெறும் உரிமை 2019 விதிகளில் உண்டு. ஒப்புதல் படிவத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

குழந்தைப்பேறு பற்றி: சைக்ளோஃபாஸ்பமைடு கருமுட்டைகளைப் பாதிக்கும்; வயதும் வாழ்நாளில் பெற்ற மொத்த அளவும் கூடக்கூடப் பாதிப்பும் கூடும். ஒருமுறை கொடுக்கும் அளவால் ஆபத்து சிறிது என்றாலும், முன்கூட்டியே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அக்கா மைக்கோஃபினோலேட்டை இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால், அது கருவுக்குத் தீங்கானது என்பதையும் அவரிடம் சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இனி மண்ணீரல். தட்டணு குறைவு நோய் மட்டும் இருந்தால், அறுவைக்குப் பின் மூன்றில் இருவருக்கு நீடித்த பலன் கிடைக்கிறது. எவன்ஸில் பலன் அவ்வளவு உறுதியாக நீடிப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் கிருமித்தொற்று ஆபத்தும் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடுகின்றன. ஐஜிஜி ஏற்கெனவே குறைந்திருப்பவரின் மண்ணீரலை அகற்ற நான் அவசரப்பட மாட்டேன். முதலில் மரபணுச் சோதனை. அடிப்படைக் காரணம் எதுவும் கிடைக்காவிட்டால், பிளாஸ்மா செல்லைக் குறிவைக்கும் டாரடுமுமேப் போன்ற மருந்தை முயல்வதா என்பதை அவருடைய மருத்துவரோடு பேசுங்கள். இந்நோய்க்கு அது ஒப்புதல் பெற்றதன்று, ஆனால் கடையில் கிடைக்கும் மருந்து, அனுபவமும் சேர்ந்துவருகிறது. கார்-டி அதற்கும் பின்னால்தான் வரும்.

கீழவாசல்

வரிசை இப்போது தெளிவாகிறது. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கும்போது மரபணுச் சோதனை, ஹெபடைடிஸ் பி, இரத்த வகைப்பாட்டு அட்டை, கருத்தரிப்பு ஆலோசனை, மைக்கோஃபினோலேட் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போகிறேன். அறுவை தவிர்க்க முடியாமற்போனால் முன்னதாகச் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

செங்குருதி

நியூமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி) ஆகிய கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். அண்மையில் ரிட்டுக்சிமேப் போட்டிருப்பதால் அவை எவ்வளவு வேலை செய்யும் என்பதையும் கேளுங்கள். பி செல்கள் இல்லாத உடலில் தடுப்பூசி பெரிதாக எதையும் உண்டாக்காது.

எதிர்ப்பொருள்

ஒரே ஒரு சேர்க்கை. ஐஜிஜி அளவை மறுபடி பார்ப்பதானால், இம்யூனோகுளோபுலின் ஊசி ஏற்றுவதற்கு முன் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பின் எடுத்தால், கொடையாளர்களின் எதிர்ப்பொருளையும் சேர்த்துத்தான் சோதனை எண்ணும். அக்காவின் உடல் தானாக எவ்வளவு உண்டாக்குகிறது என்பது அதன்பின் பல வாரங்களுக்குத் தெரியாது. பி செல் எண்ணிக்கையையும் அதே மாதிரியில் பார்த்துவிடலாம். பி செல்கள் இல்லாமலே நோய் ஓடுகிறது என்று தெரிந்தால், சிடி19 கார்-டியைவிடப் பிளாஸ்மா செல்லைப் பற்றியே மருத்துவரிடம் முதலில் பேச வேண்டியிருக்கும்.